3000 ரூபாய்க்குள்ள ஆள் பளிச்சுனு மாறுறது எப்படி: முதல் வேலைக்குப் போற பசங்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஊர்ல இருந்து சென்னைக்கு வேலைக்கு வர்ற ஜூனியர் பசங்க நிறைய பேர் முதல்ல எங்க ரூம்லதான் வந்து தங்குவாங்க, அதனால டிரஸ் விஷயத்துல யார் எந்த இடத்துல சறுக்குறாங்கன்னு எனக்கு அத்துப்படி. முக்கால்வாசி பேர் செய்யுறது ஒண்ணுதான், வீட்ல குடுத்த காசு கைக்கு வந்ததும் நேரா ரங்கநாதன் தெரு. மூணு சட்டை ரெண்டு பேன்ட்டுன்னு அள்ளிட்டு வந்துட்டு அப்புறம் பார்த்தா சட்டை தோள்ல இருந்து இறங்கி நிக்குது, பேன்ட் கால்ல மடிஞ்சு கிடக்குது, ஆல்டர் பண்ண காசு இல்ல, முடி வெட்ட காசு இல்ல, ஷூ பழைய கிழிசலே.

காசு கம்மியா இருக்கும்போது எதை முதல்ல செய்யுறோம்ங்கிறதுதான் எல்லாமே. இதுல கடைக்குப் போறது ஆறாவது படி. அதுக்கு முன்னாடி இருக்குற அஞ்சையும் ஒழுங்கா பண்ணா வாங்க வேண்டியதே பாதியா குறைஞ்சிடும்.

இது முக்கியமா பசங்களுக்காக எழுதினது, ஆபீஸ், பேங்க், ஷோரூம், இன்டர்வியூன்னு போறவங்களுக்கு. துவைக்கிறது, அளவு எடுக்குறது, துணி பார்க்குறது எல்லாம் பொண்ணுங்களுக்கும் அப்படியே பொருந்தும். வேலை சேர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி ஆரம்பிச்சிடுங்க, பொடுகு போகவும் டெய்லர் கைல இருந்து துணி திரும்பி வரவும் அவ்வளவு நாள் ஆகும்.

## 1. முதல்ல காசைப் பிரிச்சு வைங்க

நான் பிரிச்சுக் குடுக்குற கணக்கு இது: முடி வெட்ட 150, ஷாம்பு பாக்கெட், படிகாரம், நெயில் கட்டர், பிளேடு மாதிரி சில்லறைக்கு 200, டெய்லருக்கு 300, ரெண்டு சட்டைக்கு 800, ஒரு பேன்ட்டுக்கு 500, பனியன் சாக்ஸுக்கு 300, ஷூவுக்கு 600, பெல்ட்டுக்கு 150. ஆக 3000. ஊருக்கு ஊர் கடைக்கு கடை விலை கொஞ்சம் மாறும், ஆனா இந்த விகிதத்தை மாத்தாதீங்க.

டெய்லர் காசையும் முடி வெட்டுற காசையும் தனி கவர்ல போட்டு பெட்டிக்குள்ள வச்சிடுங்க. கடைல நின்னுட்டு இருக்கும்போது இன்னொரு சட்டை கண்ணுல பட்டா முதல்ல கை வைக்கிறது இந்தக் காசுலதான், ஆனா 400 ரூபாய் சட்டையை 800 ரூபாய் சட்டை மாதிரி காட்டுறதே அந்த 60 ரூபாய் தையல்தான்.

## 2. இருக்குற துணியெல்லாம் வெளிய எடுங்க

பெட்டி, பீரோ, கொடி, வீட்ல அம்மா மடிச்சு வச்சிருக்குறது எல்லாத்தையும் ஒரு பாய் மேல கொட்டுங்க. ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க, கைல புடிச்சுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ஒரு வருஷத்துல உடம்பு மாறியிருக்கும்.

மூணு குவியல் போடுங்க. அப்படியே போடக்கூடியது ஒண்ணு. கறை, பட்டன், லூஸ், நீளம்னு சரி பண்ணா போடக்கூடியது ரெண்டாவது. தோள் பொருந்தாதது, துணி நைஞ்சு வெளிச்சத்துல புடிச்சா அந்தப் பக்கம் தெரியுறதெல்லாம் மூணாவது, அதுக்கு ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க, தரை துடைக்கப் போகட்டும்.

பெரும்பாலான பசங்ககிட்ட ரெண்டாவது குவியல்ல ரெண்டு மூணு நல்ல சட்டை இருக்கும். அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்தது, காலேஜ் ஃபேர்வெல்லுக்கு எடுத்தது, லூஸா இருக்குன்னு போடாம விட்டது. அப்பாவோட பழைய சட்டை பேன்ட்டையும் கேட்டுப் பாருங்க, முன்னாடியெல்லாம் துணி எடுத்து தச்சதால உள்ள நிறைய துணி விட்டு தச்சிருப்பாங்க, பிரிச்சு மாத்துறது சுலபம்.

## 3. துவைச்சு மீட்டெடுங்க, அப்புறம்தான் டெய்லர்

இந்த வரிசை மாறக்கூடாது. காட்டன் துணி துவைச்சா சுருங்கும், முக்கியமா முதல் ஒண்ணு ரெண்டு துவைப்புல. புதுத் துணியை அப்படியே டெய்லர்கிட்ட குடுத்து நீளம் வெட்டிட்டீங்கன்னா துவைச்ச அப்புறம் பேன்ட் கணுக்காலுக்கு மேல ஏறி நிக்கும், அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது.

காலர் அழுக்கு: அது தலை எண்ணெயும் கழுத்து வியர்வையும் சேர்ந்தது, அதனால எண்ணெயைக் கரைக்குற ஷாம்புதான் வேலை செய்யும். ஒரு ரூபா ஷாம்பு பாக்கெட்டை காலரை நனைச்சு நேரடியா தேய்ச்சு இருபது நிமிஷம் விட்டுட்டு பழைய டூத் பிரஷ்ல மெதுவா தேய்ங்க. துணி துவைக்குற பெரிய பிரஷ்ஷை காலர் மேல போட்டு அரைக்காதீங்க, காலர் மடிப்பு சீக்கிரம் கிழிஞ்சிடும்.

அக்குள் மஞ்சள்: ப்ளீச் ஊத்தாதீங்க, வியர்வைக் கறை ப்ளீச் பட்டா இன்னும் மஞ்சளாகும். சமையல் சோடாவை தண்ணி விட்டு குழைச்சு உள்பக்கம் தடவி அரை மணி நேரம் கழிச்சு அலசுங்க. ஒரே தடவைல முழுசா போகாது, நாலு துவைப்புல நல்லா குறையும்.

வெள்ளைச் சட்டைக்கு சொட்டு நீலம் போடுறப்ப, முதல்ல பக்கெட் தண்ணில நீலத்தை நல்லா கலக்குங்க, அப்புறம் துணியைப் போடுங்க. துணி மேல நேரா சொட்டுனா அந்த இடம் திட்டு திட்டா நிக்கும்.

ராத்திரி முழுக்க ஊற வைக்குறது ஹாஸ்டல் பழக்கம், அதை விடுங்க. அரை மணி நேரம் போதும், அதுக்கு மேல ஊறினா சாயம் இறங்கும், ஒரு மாதிரி புழுங்கின வாடை வந்துடும், அந்த வாடை காஞ்ச அப்புறமும் போகாது. எல்லாத்தையும் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டு துவைங்க, உள்பக்கம் திருப்பியே காய வைங்க, வெயில் நிறத்தை உறிஞ்சுறது குறையும்.

சென்னைல நிறைய ரூம்கள்ல போர் தண்ணிதான். உப்புத் தண்ணில சோப்புக் கட்டி நுரைக்காது, திரிஞ்சு துணி மேலயே படியும், அதனாலதான் ஊர்ல பளிச்சுனு இருந்த வெள்ளை சட்டை ரெண்டே மாசத்துல சாம்பல் கலர் ஆகுது. கட்டியை விட்டுட்டு பவுடருக்கோ லிக்விடுக்கோ மாறுங்க, ஒரு தடவை கூடுதலா அலசுங்க.

டி-சர்ட்ல, பாலியஸ்டர் கலந்த சட்டைல உருண்டை உருண்டையா நூல் பந்து நிக்குதா, துணியை இழுத்துப் புடிச்சு ஒரு பழைய ரேஸரை அழுத்தாம ஒரே திசைல ஓட்டுங்க. அவ்வளவுதான், புது துணி மாதிரி ஆயிடும்.

வெளுத்துப் போன கறுப்பு பேன்ட்டுக்கு சாயம் போடலாமான்னு கேப்பாங்க. காட்டனா இருந்தா போடலாம். பாலியஸ்டருக்கு வீட்ல கலக்குற சாயம் புடிக்கவே புடிக்காது, தையல் நூலும் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், அதனால காட்டன் பேன்ட்டா இருந்தாலும் தையல் மட்டும் பழைய நிறத்துலயே தெரியும், அதுக்குத் தயாரா இருந்தா போடுங்க.

## 4. உடம்பை அளக்காதீங்க, சட்டையை அளங்க

இன்ச் டேப் இருபது ரூபாய்க்குள்ள கிடைக்கும். உங்ககிட்ட இருக்குறதுலயே சரியா உக்காருற ஒரு சட்டையை எடுத்து பட்டன் போட்டு தரைல விரிங்க. ஒரு தோள் தையல்ல இருந்து இன்னொரு தோள் தையல் வரைக்கும், ஒரு அக்குள்ல இருந்து மறு அக்குள் வரைக்கும், காலர் அடில இருந்து கீழ் விளிம்பு வரைக்கும், அப்புறம் கை நீளம். பேன்ட்ல இடுப்பு, தொடை, உள்கால் நீளம், கீழ் வாய் அகலம். எல்லாத்தையும் போன்ல எழுதி வைங்க.

ஏன் சட்டையை அளக்கணும்னா, 40 சைஸ்னு ரெண்டு கம்பெனி போட்டிருந்தாலும் ரெண்டும் ஒரே அளவு இருக்காது. ஆன்லைன்ல வாங்கும்போது இந்த நம்பரைத்தான் சைஸ் சார்ட்டோட ஒப்பிடணும், அங்க உடம்பு அளவு போட்டிருக்கானா துணி அளவு போட்டிருக்கானான்னு பார்த்துட்டு. ரோட்டோரக் கடைல ட்ரையல் ரூமே இருக்காது, அங்கேயும் டேப்பை எடுத்து அக்குளுக்கு அக்குள் வச்சுப் பார்த்தா முடிஞ்சுது.

சரியா உக்காருறதுன்னா என்ன? தோள் தையல் தோள் எலும்பு முடியுற இடத்துல நிக்கணும். மேல் பட்டன் போட்டா காலருக்குள்ள ரெண்டு விரல் போகணும். முழுக்கை மணிக்கட்டு எலும்புல முடியணும். கையை முன்னாடி நீட்டினா நெஞ்சு பட்டன் நடுவுல வாய் பிளக்கக் கூடாது.

## 5. டெய்லர்கிட்ட என்ன கேக்கணும்

பெரிய டெய்லர் கடை வேண்டாம், மார்க்கெட் பக்கம் மெஷினை வாசல்ல போட்டு ஆல்டரேஷன் மட்டும் பண்றவங்க இருப்பாங்க, அவங்ககிட்ட போங்க, நாள் முழுக்க இதையே பண்றதால கை சுத்தமா இருக்கும், விலையும் கம்மி.

பண்ணக்கூடியது: சட்டை ரெண்டு பக்கமும் புடிக்கிறது, நீளம் குறைக்குறது, முழுக்கையை அரைக்கை ஆக்குறது, பேன்ட் நீளம், இடுப்பு, கீழ் வாய் குறைக்குறது. பேன்ட் இடுப்பைப் பெருசாக்கணும்னா பின்பக்க நடுத்தையலைத் திருப்பிப் பாருங்க, உள்ள எவ்வளவு துணி மடிஞ்சிருக்கோ அவ்வளவுதான் விட முடியும்.

பண்ணக்கூடாதது: தோள் இறக்கம். கையைப் பிரிச்சு வெட்டி மறுபடி ஏத்தணும், அந்தக் காசுக்கு வேற சட்டையே வாங்கிடலாம், பல சமயம் கை தூக்கவும் வராது. பக்கவாட்டுலயும் ரொம்ப ஆசைப்பட்டுப் புடிக்காதீங்க, ஒரு பக்கத்துக்கு ஒரு இன்ச்சுக்கு மேல போனா பாக்கெட் அக்குள் பக்கம் ஓடிடும், உக்காந்தா வயிறு தெரியும்.

போகும்போது சட்டையைப் போட்டுட்டு போங்க, "அண்ணே, கொஞ்சம் புடிச்சுக் குடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க. அவருக்கு கொஞ்சம்னா அரை இன்ச், உங்களுக்கு கொஞ்சம்னா ரெண்டு இன்ச். ஊக்கு குத்திக் காட்டுங்க, கையைத் தூக்கிப் பாருங்க, ஸ்டூல்ல உக்காந்து பாருங்க, அப்புறம் சாக்பீஸ் போடச் சொல்லுங்க. பேன்ட் நீளம் பார்க்கும்போது ஆபீஸுக்குப் போடப்போற ஷூவைப் போட்டுட்டுத்தான் நிக்கணும், செருப்போட அளந்தா ஷூ போட்டதும் பேன்ட் தூக்கிக்கும். நீளம் குறைக்கும்போது மிச்சத் துணியை முழுசா வெட்டாம உள்ள ஒரு இன்ச்சாவது மடிச்சு வைக்கச் சொல்லுங்க.

இன்னொரு வேலை இருக்கு, இப்ப பசங்களுக்கு தெரியுறதே இல்ல: காலர் திருப்புறது. சட்டை முழுக்க நல்லா இருக்கும், காலர் மடிப்பு மட்டும் கழுத்துல உரசி உரசி பிசிறு விட்டு நூல் நூலா நிக்கும், அதோட சட்டையே போச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அந்தக் காலர் பட்டியில இருந்து காலரை மட்டும் பிரிச்சு, மேல்பக்கத்தை அடிப்பக்கமா திருப்பி, அதே இடத்துல மறுபடி தச்சா பிசிறு போன பக்கம் உள்ள மறைஞ்சிடும், வெளிய தெரியுறது இத்தனை நாள் வெயிலே படாத பக்கம், நிறம் கூட அடர்த்தியா இருக்கும். காலர் நுனில பட்டன் வச்ச சட்டைக்கும், காலர் உள்பக்கம் வேற துணி வச்ச சட்டைக்கும் இது ஆகாது. கொஞ்சம் வயசான டெய்லரா பார்த்துக் கேளுங்க, அவங்களுக்கு இது கை வந்த வேலை.

## 6. இப்பதான் கடை

முன்னாடி சொன்னதையெல்லாம் பண்ணிருந்தா கைல ஏற்கனவே ரெண்டு சட்டை, ஒரு பேன்ட் தேறியிருக்கும். இப்ப வாங்க வேண்டியது ரெண்டு சட்டை, ஒரு பேன்ட். மொத்தம் நாலு சட்டை ரெண்டு பேன்ட், எட்டு ஜோடி வருது, ஒரு வாரத்துக்கு தாராளம்.

ஆனா எட்டும் ஒண்ணோட ஒண்ணு சேரணும், நிறத்துல தப்பு நடக்குறது இங்கதான். பேன்ட் ஒண்ணு அடர் சாம்பல், ஒண்ணு நேவி ப்ளூ. கறுப்பு பேன்ட்டை நான் முதல்ல வாங்கச் சொல்றதில்ல, காட்டன் கலந்த கறுப்பு சீக்கிரமே வெளுத்து செம்பட்டை அடிக்கும், தூசி அப்படியே தெரியும், அடர் சாம்பல் வெளுத்தாலும் சாம்பலாத்தான் இருக்கும். சட்டை வெளிர் நீலம் ஒண்ணு, மெல்லிசா கோடு போட்டது ஒண்ணு. இது ரெண்டும் எல்லா நிறத்து ஆளுக்கும் எடுப்பா இருக்கும். கறுப்பா இருக்கேன் இது எனக்கு செட் ஆகாதுன்னு நிறைய பசங்க சொல்லக் கேட்டிருக்கேன், அது சுத்தமா தப்பு, வெளிர் நீலமும் வெள்ளையும் கறுத்த தோலுக்குத்தான் இன்னும் நல்லா எடுத்துக் குடுக்கும், தைரியமா போடுங்க. பளபளக்குற சாட்டின் துணி, பெரிய எழுத்து, நெஞ்சுல எம்ப்ராய்டரி இதெல்லாம் வேண்டாம், ஒரு தடவை போட்டா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதே வாரத்துல மறுபடி போட முடியாது.

துணி: சட்டைக்கு காட்டன் அதிகமாவும் பாலியஸ்டர் கொஞ்சமாவும் கலந்தது எடுங்க. சுத்த காட்டன் உடம்புக்கு நல்லதுதான், ஆனா தினமும் அயர்ன் கேக்கும், மழை நாள்ல ரூமுக்குள்ள காயாது. முழு பாலியஸ்டர் சென்னை வெயில்ல வேகும், வாடையும் புடிச்சு வச்சுக்கும். பேன்ட்டுக்கு பாலியஸ்டர் விஸ்கோஸ் கலந்தது நல்லா விழும், மடிப்பு நிக்கும். லேபிள் இல்லாத துணில சந்தேகம் வந்தா உள் தையல்ல தொங்குற ஒரு நூலை எடுத்து வெளிய போய் கொளுத்திப் பாருங்க. காகிதம் எரியுற வாடை வந்து சாம்பலானா காட்டன், உருகி கெட்டியா மணி மாதிரி ஆனா பாலியஸ்டர்.

எங்க வாங்குறது: சென்னைல வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுதான் நான் முதல்ல கூட்டிட்டுப் போற இடம், அதே ரகம் தி.நகரை விட விலை இறங்கியிருக்கும், ஞாயித்துக்கிழமையும் பண்டிகை சமயமும் தவிர்த்துட்டு வார நாள்ல காலைல போங்க, நின்னு பார்க்க இடம் இருக்கும். டி-சர்ட், பனியன்னா திருப்பூர் காதர்பேட்டை. ஈரோடு பக்கத்து ஆளுங்க திங்கள் ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய்க்கிழமை நடக்குற ஜவுளிச் சந்தையைப் பாருங்க. மதுரைன்னா விளக்குத்தூண் பக்கம். வேலைல சேர்ற நாள் ஆடி மாசத்துக்கு அப்புறம்னா ஆடித் தள்ளுபடி வரைக்கும் காத்திருங்க, ஆனா போன்ல எழுதி வச்ச பட்டியலோட மட்டும் போங்க.

கடைல பார்க்க வேண்டியது. கடை ட்யூப் லைட் அடில நிறத்தைப் பார்க்காதீங்க, துணியை வாசலுக்கு எடுத்துட்டு வாங்க. கைல ஒரு ஓரத்தைக் கசக்கி பத்து எண்ணி விடுங்க, சுருக்கம் அப்படியே நின்னா தினமும் அப்படித்தான் நிக்கும். பக்கத் தையலை ரெண்டு கட்டைவிரலால லேசா இழுங்க, நூல் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா வாங்காம திரும்ப வச்சிடுங்க. ஈரக் கர்ச்சீப்பை உள்பக்கம் தேய்ங்க, நிறம் ஒட்டினா அது உங்க பனியனையும் கெடுக்கும். கோடு போட்ட சட்டைல பாக்கெட்டு கோடும் சட்டை கோடும் நேரா சேருதான்னு பாருங்க, சேர்ந்தா தச்சவங்க கவனமா தச்சிருக்காங்கன்னு அர்த்தம், மத்த தையலும் பெரும்பாலும் நல்லா இருக்கும்.

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்ல, அதாவது வெளிநாட்டு ஆர்டருக்குத் தச்சு மிச்சமானதுல, நல்ல பீஸ் கிடைக்கும், ஆனா அதுல ரிஜெக்ட் ஆனதும் கலந்திருக்கும். டி-சர்ட்டோட ரெண்டு தோளையும் புடிச்சுத் தூக்கிப் பாருங்க, பக்கத் தையல் நேரா கீழ இறங்கணும். இப்பவே முறுக்கிக்கிட்டு முன்பக்கம் வந்தா ரெண்டு துவைப்புல தையல் தொப்புள் பக்கம் வந்து நிக்கும். ரெண்டு கையும் ஒரே நிறமான்னும் பாருங்க.

பில் வாங்குங்க, எத்தனை நாளைக்குள்ள மாத்தித் தருவாங்கன்னு காசு குடுக்குறதுக்கு முன்னாடியே கேளுங்க.

## 7. பனியன், சாக்ஸ், பெல்ட்

சட்டை நாலே நாலுதான்னா பனியன்தான் அதோட ஆயுள். வியர்வையை அது வாங்கிக்குறதால சட்டை அவ்வளவு சீக்கிரம் மஞ்சளாகாது. வெளிர் சட்டைக்கு உள்ள வெள்ளை பனியன் போட்டா நம்ம தோல் நிறத்துல அப்படியே கோடு போட்டுத் தெரியும், வெளிர் சாம்பல் நிற பனியன் அவ்வளவா தெரியாது.

சாக்ஸ் எல்லாமே ஒரே நிறம், ஒரே மாடல், பேன்ட் நிறத்துக்கு நெருக்கமா வாங்குங்க. ஒண்ணு கிழிஞ்சாலும் மிச்சம் ஜோடி சேரும். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம்.

## 8. ஷூ

முதல்ல வீட்ல ஸ்கூல் ஷூ இருக்கான்னு பாருங்க. லேஸ் வச்ச கறுப்பு ஷூ, கால் பத்துதுன்னா அதுவே போதும். ஷூ தைக்குறவர்கிட்ட குடுத்து அடி சுத்தி தையல் போட்டு, பாலிஷ் போட்டு, புது லேஸ் மாட்டினா 600 ரூபாய்ல பெரும்பகுதி மிச்சம். வெல்க்ரோ ஒட்டுறது மட்டும் வேண்டாம்.

வாங்கித்தான் ஆகணும்னா, அந்த விலைக்கு கிடைக்குறது தோல் இல்ல, தோல் மாதிரி இருக்குற ரெக்சின். அது தப்பில்ல, ஆனா நாளாக ஆக மடியுற இடத்துல மேல்பக்கம் உரியும், அது உரிஞ்சா பாலிஷ் போட்டு மறைக்க முடியாது. அதனால முன்பக்கம் சொருகல் வேலைப்பாடு இல்லாத சாதா மாடல் எடுங்க, ஈரமானா வெயில்ல வைக்காதீங்க, உள்ள நியூஸ் பேப்பர் திணிச்சு நிழல்ல வைங்க. சாயங்காலமா போய் வாங்குங்க, நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த நேரத்துல சரியா இருக்குற ஷூ எப்பவும் கடிக்காது. வாங்கின அன்னைக்கே அடிப்பக்கம் தையல் போட்டுடுங்க, பிஞ்ச அப்புறம் தச்சா கோணலாத்தான் நிக்கும்.

## 9. தலை, முகம், பல்

இதை மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும், மேல இருக்குறதோட சேர்ந்தே ஓடட்டும்.

பொடுகு இருந்தா கீட்டோகொனசோல் 2% ஷாம்பு மெடிக்கல்ல கிடைக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவை, ஈரத் தலைல தேய்ச்சு மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் அப்படியே விட்டு அலசணும். உடனே அலசிடுறதாலதான் நிறைய பேருக்கு அது வேலை செய்யல. ரெண்டுல இருந்து நாலு வாரத்துல குறையலைன்னா அரசு மருத்துவமனை தோல் ஓ.பி.க்கு போங்க. எண்ணெய் வைக்குறதை ராத்திரி வைங்க, காலைல அலசிடுங்க, நெத்தில வழிஞ்சு காலர்ல இறங்குறது அப்பதான் நிக்கும்.

முடி வெட்டுறது சேர்ற நாளுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி. சைடுல ஒட்ட வழிக்குற கட்டிங் ரெண்டே வாரத்துல கலைஞ்சு போயிடும், மாசம் ரெண்டு தடவை சலூன் போற காசு இருந்தாத்தான் அது சரிப்படும். சைடு கொஞ்சம் விட்டு மீடியமா வெட்டச் சொல்லுங்க, அஞ்சு வாரம் வரைக்கும் தாங்கும். தாடி வைக்குறவங்க கழுத்துல குரல்வளை மேட்டுக்கு ரெண்டு விரல் மேல கோடு எடுத்து அதுக்குக் கீழ வழிச்சிடுங்க, அது ஒண்ணுலயே வளர விட்ட தாடி வச்ச தாடியா மாறிடும். ஷேவ் பண்ணதும் படிகாரத்தை நனைச்சு ஒரு தடவை ஓட்டினா எரிச்சலும் அடங்கும், சின்ன வெட்டுல ரத்தமும் நிக்கும்.

இப்ப சொல்லப் போறதை தயவுசெய்து கேளுங்க. முகம் வெளுக்கணும்னு மெடிக்கல் ஷாப்ல யாரோ சொன்ன க்ரீமை வாங்கிப் பூசாதீங்க. அட்டைல பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன்னு எந்தப் பேர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளபளன்னு வெளுத்த மாதிரி தெரியும், அப்புறம் தோல் மெலிஞ்சு, பரு கிளம்பி, வெயில்ல நின்னா எரியும், நிறுத்தினா முன்னைவிட மோசமா திரும்பி வரும். இந்த மாதிரி க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2018-ல விதியையே இறுக்குச்சு, அப்படியும் கேட்டா எடுத்துக் குடுக்குற கடைங்க இருக்கு. நம்ம நிறத்துல ஒரு குறையும் இல்ல. முகத்துக்கு ஒரு சாதா சோப்பு, ரெண்டு வேளை தண்ணி, பைக்ல சுத்துற வேலைன்னா கைல காசு வந்ததும் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், அவ்வளவு போதும்.

பல் கறை இருந்தா ஒரு தடவை க்ளீனிங் பண்ணிடுங்க. சென்னைல கோட்டை ஸ்டேஷன் பக்கம் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, மத்த ஊர்ல தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள்லயும் மாணவர்களுக்குப் பயிற்சிக்கு ஆள் வேணும்ங்கிறதால வெளிய க்ளினிக்ல வாங்குறதுல ஒரு பங்குதான் ஆகும். காலைல சீக்கிரம் போங்க, அரை நாள் ஆகும்.

## 10. வியர்வையும் அயர்னும்

சென்ட் வியர்வையை மறைக்காது, ரெண்டும் கலந்து இன்னும் மோசமா அடிக்கும். குளிச்சதும் ஈர அக்குள்ல படிகாரத்தைத் தேய்ங்க, நல்லா காஞ்ச அப்புறம் பனியன் போடுங்க. பனியனும் சாக்ஸும் ஒரு நாளைக்கு மேல போடக் கூடாது. ஷூக்குள்ள ராத்திரி கொஞ்சம் சமையல் சோடா தூவி காலைல தட்டிடுங்க.

அயர்ன் கடைக்கு துணிக்கு பத்து பதினஞ்சு ரூபாய்னு குடுத்தா மாசம் முந்நூறு தாண்டும், ரூம்ல நாலு பேர் சேர்ந்து ஒரு பாக்ஸ் வாங்கிடுங்க. துணி லேசா ஈரமா இருக்கும்போதே தேய்ங்க. வரிசை: காலர், தோள், கைப்பட்டி, கை, முன்பக்கம், கடைசியா முதுகு. சின்னப் பகுதியை கடைசியா தேய்ச்சா பெருசா தேய்ச்சு வச்சது கசங்கிடும், அதுக்குத்தான் இந்த வரிசை. காலரை ரெண்டு நுனில இருந்து நடுவுக்கு ஓட்டுங்க, நடுவுல இருந்து நுனிக்கு ஓட்டினா நுனில சுருக்கம் சேரும், பார்க்குறவங்க கண்ணு முதல்ல போற இடமே அதுதான். அடர் நிற பேன்ட்டை உள்பக்கம் திருப்பித் தேய்ங்க, இல்லைன்னா முட்டி கிட்ட பளபளன்னு ஆயிடும்.

பாக்ஸ் இல்லாத நாள்ல, துவைச்ச சட்டையை முறுக்கிப் பிழியாம ஹேங்கர்ல மாட்டி, பட்டன் போட்டு, காலரையும் முன்பட்டியையும் கையாலயே இழுத்து நீவி விட்டு காய வைங்க. கலப்புத் துணியா இருந்தா அப்படியே போட்டுட்டுப் போற அளவுக்கு வந்துடும்.

## 11. முதல் சம்பளம் வந்ததும் எது

சட்டை இல்ல. முதல்ல உண்மையான தோல் ஷூ ஒண்ணு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் சொந்தக்காரங்க இருந்தா அங்க ஃபேக்டரி அவுட்லெட்ல சின்னக் கீறலுக்காக ஒதுக்கின ஜோடி விலை குறைச்சுக் கிடைக்கும், தோலா இருந்தா கீறல் பாலிஷ்ல மறைஞ்சிடும், அடி தேஞ்சாலும் மாத்திக்கலாம். அதுக்கு அப்புறம் மூணாவது பேன்ட், ஏன்னா ரெண்டு பேன்ட்டை மாத்தி மாத்திப் போட்டா முட்டியும் பாக்கெட் வாயும்தான் முதல்ல தேயும். அதுவும் வந்த அப்புறம் சட்டைக்குப் போங்க, அப்பவும் போன்ல இருக்குற அளவை ஒரு தடவை மறுபடி எடுத்துட்டுப் போங்க, மெஸ் சாப்பாட்டுல மூணு மாசத்துல இடுப்பு நிச்சயமா மாறியிருக்கும்.